முதுகு வலியும் செட் மாத்திரையும்

(தாராசுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முதுகு வலியும், அதற்கு நாம் சாப்பிடும் மருந்துகளும் என்பதாகும். "சாமி, சாதி, சாஸ்திரம் என்று பேசிக்கொண்டு திரிந்த ஆசாமி திடீரென்று வைத்தியனாகிவிட்டானோ?" என்று சிலர் நினைக்கக்கூடும். நான் வைத்தியன் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததும் வெகு சொற்பம். கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்த டாக்டர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். படாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

இந்த விஷயத்தை இந்த ஊரில் பேசுவதற்குக் காரணமில்லாமல் இல்லை. இவ்வூரில் ஒருபுறம் பட்டுத் தறி. மறுபுறம் நெல் வயல். ஆண்களில் அநேகர் குழித்தறியில் காலை இறக்கிவிட்டுக் காலை முதல் அந்தி வரை குனிந்தபடி நாடா ஓட்டுகிறவர்கள். பெண்களில் அநேகர் முழங்கால் சேற்றில் நின்று வளைந்த முதுகு நிமிராமல் நாற்று நடுகிறவர்கள். "முதுகு வலி இல்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்று இந்தக் கூட்டத்தில் கேட்டால், அப்பொழுதுதான் தறியில் உட்கார ஆரம்பித்த பையன்களைத் தவிர வேறு யாரும் தூக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2020-ல் உலகம் முழுவதிலும் இடுப்பு, முதுகு வலியால் கஷ்டப்பட்டவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு மாத்திரம் வந்த சாபமுமல்ல. முன் ஜென்மத்துக் கர்மமுமல்ல.

சாபம் என்றதும் இவ்வூர்ப் புராணம் ஞாபகத்துக்கு வருகிறது. துர்வாசர் சாபத்தால் நிறம் கெட்ட ஐராவதம் என்கிற வெள்ளை யானை இங்கே வந்து பூசை செய்து பழைய நிறத்தைப் பெற்றதாம். ஒரு ரிஷியின் சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சல் கண்ட எமன், இங்குள்ள குளத்தில் முழுகிக் குணமடைந்தானாம். அதனால் அதற்கு எமதீர்த்தம் என்று பெயர். எல்லோர் உயிரையும் கொண்டுபோகிறவனுக்கே வியாதி வந்தால் அவனும் குளத்துக்குத்தான் ஓடவேண்டும் என்று எழுதிவைத்தவன் சாமர்த்தியசாலி! இரண்டாம் இராசராசன் காலத்தில், 12-ம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோயிலின் சிற்பத்தை மெச்சி, 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். சிற்பத்தை நாமும் மெச்சுவோம். ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவனுடைய முதுகு எப்படியிருந்தது, அவன் எந்தக் குளத்தில் முழுகினான் என்று எந்தத் தலபுராணமாவது சொல்லுகிறதா?

நிற்க. குளத்தில் முழுகியவனுக்கு வலி போனது உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் நானும் சொல்லுவேன். தாயத்துக் கட்டினவனுக்கும் போயிருக்கிறது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் முதுகை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்கிறார்கள். மிதி வாங்கியவர்களில் பலர் எழுந்து நடந்தும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாம் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காரணத்தைத்தான் தவறாகச் சொல்லுகிறார்கள் என்கிறேன்.

திடீரென்று வரும் முதுகுப் பிடிப்பின் சுபாவம் என்ன? பெரும்பாலானவர்களுக்கு அது சில நாள்களிலோ, சில வாரங்களிலோ தானாகவே தணிந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் குளத்துக்கும், மந்திரிப்பவனிடமும், மருந்துக் கடைக்கும் ஓடுகிறான். உச்சத்துக்குப் போன வலி அதன் பிறகு இறங்கத்தானே வேண்டும்? இறங்குகிற சமயத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் வந்துவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். பழம் விழுந்ததும் உண்மை, காக்கை உட்கார்ந்ததும் உண்மை. காக்கைதான் தள்ளியது என்பதுதான் புரட்டு.

இதுவரையில் நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். இனிச் சொல்லப்போவது நம்மையே குத்துகிற விஷயம்.

என் தாயார் நடவு வேலை செய்தவர். அவர் கையில் முதுகு வலிக்காக ஒரு தாயத்துக் கட்டியிருந்தார். நான் இந்தக் கொள்கைக்கு வந்த புதிதில் பெரிய வீரனைப்போல் அதை அறுத்து வாய்க்காலில் எறிந்தேன். "வலித்தால் மருந்து சாப்பிடு அம்மா, மந்திரம் எதற்கு?" என்று உபதேசமும் செய்தேன். மருந்தும் நானே வாங்கிக்கொடுத்தேன். என்ன மருந்து? கடையில் போய், "முதுகு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்பேன். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்னச் சிவப்பு, மூன்றையும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் இல்லை, சீட்டு இல்லை. சாப்பிட்ட அரை மணியில் அம்மா எழுந்து வேலைக்குப் போவார். நடவுக்கு, களைக்கு, அறுப்புக்கு என்று ஆரம்பித்து, பின்பு தினம் ஒரு செட் என்று ஆயிற்று. இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. முகம் உப்பிற்று. "சதை பிடித்திருக்கிறது, மருந்து நன்றாய்ச் சேருகிறது" என்று ஊரார் சொன்னார்கள், நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒன்று நசுங்கிப்போயிருந்தது. சிறுநீரகம் என்கிற குண்டிக்காயும் கெட்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமாக என்ன மாத்திரை கொடுத்தாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "வெள்ளை, மஞ்சள், சிவப்பு" என்று சொன்னேன். தாயத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கட்டிக்கொண்ட என் தாயாருக்கும், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கிக்கொடுத்த எனக்கும் என்ன வித்தியாசம்? அவருடைய தாயத்தாவது எலும்பை நசுக்கவில்லை.

தோழர்களே! அன்றுதான் அந்த மாத்திரைகளின் பெயரையும் குணத்தையும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

இப்படிப்பட்ட பொட்டலத்தில் சாதாரணமாக இருப்பது, முதலாவது, வலியையும் வீக்கத்தையும் அடக்கும் மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் முதலியவை இந்த ஜாதி. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்கிற இங்கிலீஷ் விஞ்ஞானி கண்டு சொன்னார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. அடிபட்ட இடத்தில் நமது உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்கிற ஒரு பொருளை உண்டாக்குகிறது. வலியும் வீக்கமும் அதனால் வருவது. மாத்திரை அதை உண்டாகாமல் தடுக்கிறது, வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உள்தோல் புண்ணாகாமல் காப்பதும், குண்டிக்காய்க்கு வேண்டிய இரத்த ஓட்டத்தைக் காப்பதும். திருடனைப் பிடிக்கக் காவல்காரனையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் வீடு என்னவாகும்? நாலு நாள் கட்டினால் தாங்கும். நாலு வருஷம் கட்டினால் வயிற்றில் புண், இரத்தக் கசிவு, குண்டிக்காய்க் கேடு எல்லாம் வரும். இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ரோஃபிகாக்சிப் என்கிற மாத்திரையை மாரடைப்பு உண்டாக்குகிறதென்று 2004-ல் அதைச் செய்த கம்பெனியே உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து எடுத்துக்கொண்டது.

நடவு வேலை செய்யும் தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். வயலில் ஒதுங்க இடமில்லை என்பதற்காக நீங்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். வெயிலில் உடம்பின் நீர் வற்றிக் குண்டிக்காய் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த மாத்திரையையும் போட்டால் கேடு பன்மடங்காகும். இரத்தக் கொதிப்புக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே.

மனிதன் பொய் சொல்லக்கூடும். கழுகு பொய் சொல்லாது. நம் தேசத்தில் செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள், 1990-களுக்குப் பிறகு சில ஜாதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. என்ன காரணம் என்று தேடிப் பார்த்ததில், மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் அதன் மாமிசத்தின் வழியே கழுகின் குண்டிக்காயைக் கெடுத்துக் கொன்றது என்று 2004-ல் தெரியவந்தது. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தை அரசாங்கம் தடை செய்தது. கழுகு வேறு, மனிதன் வேறு. நமக்கு ஒரு மாத்திரையில் அப்படி ஆகிவிடாது. ஆனால் குண்டிக்காயைத் தொடுகிற மருந்து இது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பொட்டலத்தில் பல சமயம் இருக்கிற இரண்டாவது சங்கதி அந்தச் சின்ன மாத்திரை; ஸ்டீராய்டு என்பது. உயிர் போகிற மூச்சுத்திணறல் முதலியவற்றில் இது அருமையான மருந்து. சாதாரண முதுகு வலிக்கு இது வேண்டியதே இல்லை. வருஷக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். முதுகு வலிக்கென்று தின்ற மருந்து முதுகெலும்பையே நொறுக்குகிறது. என் தாயாருக்கு நடந்தது இதுதான். பல வருஷம் தின்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும்.

அப்படியானால், "கெடுதலில்லாத பாரசிட்டமால் போதுமே" என்பீர்கள். இதற்குத்தான் ஒரு பரீட்சையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலியா தேசத்தில் சிட்னி நகரத்தில், புதிதாக முதுகு வலி கண்ட சுமார் 1650 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தினமும் பாரசிட்டமால். இன்னொன்றுக்கு வலித்தபோது பாரசிட்டமால். மூன்றாவதற்கு அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தைரியம் சொல்லி, படுத்துவிடாமல் நடமாடச் சொன்னார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. குணமாக ஆன காலம் முதல் கூட்டத்துக்கு 17 நாள். இரண்டாவதற்கு 17 நாள். வெறும் மாத்திரை தின்றவர்களுக்கு 16 நாள்!

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் மாத்திரைக்குப் பதிலாக எமதீர்த்தத்துத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பொழுதும் 16 நாளிலோ 17 நாளிலோ குணமாகியிருக்கும். குளத்துக்கு ஒரு புது அத்தியாயம் எழுதியிருப்பார்கள். பாரசிட்டமாலை மாத்திரம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தாலோ, "17 நாளில் குணமாக்கும் மருந்து" என்று கம்பெனிக்காரன் விளம்பரம் செய்திருப்பான். மூன்று கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. பகுத்தறிவு என்பது இதுதான். குளத்தைச் சந்தேகிப்பது மாத்திரம் பகுத்தறிவல்ல. கடையையும் சந்தேகித்துப் பரீட்சை பார்ப்பதே பகுத்தறிவு.

அதே நகரத்தில் அபின் ஜாதி மாத்திரையையும் 347 பேரிடம் பரீட்சித்தார்கள். 2023-ல் வந்த முடிவு, புது முதுகு வலிக்கு அதுவும் வெறும் மாத்திரையைவிட உயர்ந்ததல்ல என்பதே. அபின் ஜாதியைச் சேர்ந்த டிரமடால் மாத்திரை பழக்கமாகிவிடும் என்பதால் நம் அரசாங்கம் 2018-ல் அதைப் போதை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இந்த இடத்தில் ஒரு சாரார் எழுந்து, "பார்த்தீர்களா! இங்கிலீஷ் மருந்தே விஷம், நமது ரிஷிகளும் சித்தர்களும் சொன்ன மூலிகையில் கெடுதலே கிடையாது" என்பார்கள். அவர்களுக்கும் ஒரு சங்கதி சொல்லுகிறேன். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் செய்து இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்தது. தவிர, "சுத்த மூலிகை" என்று விற்கும் சில வலிச் சூரணங்களில் அதே ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிற மோசடியும் உண்டு. ஒரே வேளையில் பறந்துபோகிறது வலி என்றால் மூலிகையின் மகிமையென்று கும்பிடாதீர்கள். உள்ளே யார் ஒளிந்திருக்கிறார் என்று கேளுங்கள். பழமையானது என்பதற்காக ஒன்று நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. மிளகாயின் காரச்சத்தில் செய்த பூச்சு சிலருக்கு உதவலாம் என்று பரீட்சையில் தெரிந்து, உலகச் சுகாதார ஸ்தாபனமே 2023-ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் பாட்டிமார்களின் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்த்து நீவுவதும் வலியைத் தற்காலிகமாக ஆற்றக்கூடியவையே. அதில் சுகம் தருவது சூடும் கையும்தான். நடுவில் முணுமுணுக்கிற மந்திரமல்ல. மந்திரத்தை விட்டுவிட்டு ஒத்தடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் செய்யவேண்டியதுதான் என்ன? அதே ஸ்தாபனம், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு எலும்பு முறிவு, புற்று போன்ற தனியான காரணம் எதுவும் தெரிவதில்லை என்று சொல்லுகிறது. இவர்களுக்கு முதல் வைத்தியம் படுக்கை அல்ல, நடமாட்டம். ஓரிரண்டு நாளைக்கு மேல் படுத்தால் சதை இளைத்து வலி வளர்கிறது. இரண்டாவது, முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் தேகப்பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுக்க அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவர்களை வீட்டுக்கே அனுப்பவும் ஏற்பாடாயிற்று. மூன்றாவதுதான் மாத்திரை. நடமாட முடியாத அளவு வலி இருந்தால், டாக்டர் சொல்லும் வீக்க மாத்திரையை, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, பெயர் தெரிந்து சாப்பிடலாம். அது வலியைக் கொஞ்சம் குறைத்து நம்மை நடக்கவைக்கிற ஊன்றுகோல். நமக்குப் பதிலாக நடக்கிற கால் அல்ல.

இன்னொரு புது மூடநம்பிக்கையும் கிளம்பியிருக்கிறது. அதற்கு ஸ்கேன் என்று பெயர். "தட்டு விலகிவிட்டது" என்று படத்தைக் காட்டினால் நமக்குக் குலை நடுங்குகிறது. வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்துப் பார்த்ததில், 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் தட்டு பிதுங்கியிருந்தது என்று 2015-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். தலை நரைப்பதுபோல் தட்டும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா முதுகு வலியையும் அலட்சியம் செய்யலாம் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மலஜலம் கட்டுப்படாமல் போனாலும், நீர் பிரியாமல் அடைத்துக்கொண்டாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து இழுத்தாலும் அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். காய்ச்சலோ, காரணமில்லாமல் உடம்பு இளைப்பதோ, இரவில் படுத்தாலும் தணியாத வலியோ இருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும், முன்பு புற்றுநோய் கண்டிருந்தாலும் தாமதிக்கக்கூடாது. நம் தேசத்தில் முதுகெலும்பிலும் காசநோய் வருகிறது. அதற்கு நல்ல மருந்து உண்டு, இனாமாகவும் கிடைக்கிறது. அதைத் தாயத்தாலும் செட் மாத்திரையாலும் மூடிவைத்தால் கால் விழுந்த பிறகுதான் தெரியும்.

கடைசியாக ஒன்று. "நடமாடு, மணிக்கொருதரம் எழுந்து நிமிர்" என்று சொல்லுவது எனக்கு லேசு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளி எழுந்தால் கூலி போகிறது. நடவில் நிமிர்ந்தால் மேஸ்திரி ஏசுகிறான். ஆகவே செட் மாத்திரையை விற்பது கடைக்காரன் மாத்திரமல்ல. நிமிர விடாத வேலையும் சேர்ந்துதான் விற்கிறது. நடவில் மணிக்கொருமுறை எல்லோரும் சேர்ந்து நிமிரவும், வயலோரத்தில் ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பும் குடிதண்ணீரும் வைக்கவும் நீங்கள் சேர்ந்து கேட்டால், அது எந்த மாத்திரையையும்விடப் பெரிய மருந்து.

தோழர்களே! என் தாயார் இப்பொழுது இல்லை. அவர் கையிலிருந்த தாயத்தை அறுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்தக் கையில் கேள்வி கேட்காமல் பொட்டலத்தை வைத்தேனே, அதற்காக வருத்தப்படாத நாளில்லை. நீங்கள் கடைக்குப் போனால் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த மாத்திரையின் பெயர் என்ன? இது என்ன செய்யும், என்ன கெடுக்கும்? எத்தனை நாளைக்கு? பதில் சொல்லாதவன் கொடுப்பது எந்த நிறத்தில் இருந்தாலும் அது விபூதிப் பொட்டலம்தான். அதை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள். எல்லோரும் எழுந்து முதுகை ஒருதரம் நிமிர்த்துங்கள்.